பானையில் மூன்று கல் அதிகம்

அனுப்புநர்:
எலிசாமா மகன் ராக்கேம்,
சோகார் குலத் தலைவன்,
மனாசே மலைநாடு.

பெறுநர்:
அரசரின் அமஞ்சி வேலைத் தலைவர் அவர்கள்,
சமாரியா.

பொருள்: கல்குழி வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட புது மாப்பிள்ளை யேத்தேரை விடுவிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குலத்தில் கூலியில்லாத அமஞ்சி வேலைக்கு ஆகும் ஆண்கள் எத்தனை பேர் என்று தங்கள் கண்காணி அகீரா கேட்டார். ஆட்களைத் தலை தொட்டு எண்ணினால் கொள்ளைநோய் வரும் என்பது எங்கள் பயம், தாங்கள் அறியாததல்ல. ஆகவே வழக்கப்படி வீடு வீடாகப் பானையைக் கொண்டுபோனோம். ஆளுக்கு ஒரு கல். கிழவர்களுக்கும் புது மாப்பிள்ளைகளுக்கும் கல் கிடையாது. பானையை அப்படியே ஊர் வாசலில் அவரிடம் ஒப்படைத்தேன்.

2. உள்ளே நாற்பத்து மூன்று கற்கள். ஆட்கள் நாற்பதுதான். ஆண் பிள்ளை இல்லாமல் இறந்தவனுக்கும் ஓராண்டு வரை வீட்டார் கல் போடுவார்கள், அவன் பெயர் அழிந்துவிடக் கூடாதென்று. ஒலிவ மரத்திலிருந்து விழுந்த ஈமேர், காய்ச்சலில் போன சல்லூ, தங்கள் கல்குழியில் பாறை சரிந்து நசுங்கிய ஏப்பேர். ஏப்பேர் என் மகன். அவன் கல்லை என் கையாலேயே போட்டேன். மூன்றைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. தவறு என்னுடையதே.

3. நாற்பது பேரும் வந்து நின்றார்கள். அகீரா விடவில்லை. "நாப்பத்து மூணு கல்லு இருக்கு, நாப்பது பேருதான் நிக்கிறான். மிச்ச மூணு பேர எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க?" என்றார். செத்துப்போனவர்கள் என்றேன். "அப்ப குழியத் தோண்டிக் கூட்டிட்டு வா" என்று சிரித்தார். ஐயா, எனக்கு அறுபது வயது. ஊரே பார்த்திருக்க இப்படியா பேசுவது?

4. அந்த மூவருக்கு ஈடாக, முதல் ஆளாக யேத்தேரைக் கட்டி இழுத்துச் சென்றார்; இன்னும் இருவரைக் கேட்கிறார். கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. மணமானவனை ஓராண்டு எந்த வேலைக்கும் அழைப்பதில்லை என்பது நேற்று வந்த வழக்கமா? நான் கிளம்பும்வரை அவன் மனைவி அத்தாராள் என் வீட்டு வாசலை விட்டு நகர மறுத்தாள். "பானை உங்களது, கல்லும் உங்களது. என் புருஷன் என்ன மாமா பண்ணினாரு?" என்றாள்.

5. நாளை விடிந்ததும் பிடித்துச் சென்றவர்களைக் குழிக்குள் இறக்குகிறார்கள். ஆகவே விசாரித்து ஆவன செய்யப்படும் என்ற பதில் எனக்குப் போதாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் வாசல் எழுத்தர் வேறு சுருக்கமாகச் சொல், சுருக்கமாகச் சொல் என்று அவசரப்படுத்துகிறார். சரி, சுருக்கமாகவே சொல்கிறேன். யேத்தேரை இன்றே விடுங்கள். மற்ற இருவரைக் கேட்பதையும் நிறுத்துங்கள். ஆள் குறையவே கூடாதென்றால் நான் வருகிறேன். கம்பளியும் ஒரு மாதத்துக்கு உலர்ந்த அத்திப்பழமும் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். என் மகன் விழுந்த இடம் எனக்குத் தெரியும். வழி காட்டவும் ஆள் தேவையில்லை. அவனை வெளியே அனுப்பும் அதே கதவு வழியாக என்னை உள்ளே விட்டுவிடுங்கள்.

இடம்: சமாரியா, கீழ வாசல்
நாள்: வாற்கோதுமை அறுப்பு முடிந்த ஆறாம் நாள்

தங்கள் பதிலுக்காக வாசலிலேயே நிற்கும்,
எலிசாமா மகன் ராக்கேம்
(முத்திரை)