ரோலண்டின் கல்யாணத்துக்காக நான் ஏறிய மலை

ஜூன் 4, புதன்

பள்ளி மூட இன்னும் சில நாட்கள்தான். பிள்ளைகள் பஸ்ஸுக்குள் குரங்குக் கூட்டமாகிவிட்டார்கள். காலையில் ஒருவன் தன் ஷூவை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, "அது தானா போயிடுச்சு" என்றான். வண்டியை நிறுத்தி, இறங்கி, சேற்றில் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

மாலையில் பஸ்ஸைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தால் வாசலில் ரோலண்ட் நிற்கிறான். எங்கள் விவாகரத்துக்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கல்யாணம் பண்ணிக்கப் போறேன், நோரீன்."

"ட்ரூடியையா?"

"வேற யாரை?"

"நல்லது. எந்தச் சர்ச்சுல?"

"சர்ச் இல்ல. ஹாரோ மலை உச்சியில. செப்டம்பர் கடைசி சனிக்கிழமை. மேப்பிள் மரமெல்லாம் சிவந்திருக்கும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். முகத்தில் ஒரு கருணையை வரவழைத்துக்கொண்டு, "நீ மேல வரணும்னு கட்டாயம் இல்ல. அடிவாரத்துல கூடாரம் போட்டு சாப்பாடு இருக்கு. நேரா அங்க வந்துடு" என்றான்.

அந்தக் கருணைதான் என்னைக் கெடுத்தது. "உனக்கு முன்னாடி உச்சியில நான் நிப்பேன், பாரு" என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 5

ஏன் சொன்னேன்?

ஜூன் 7, சனி

ரோலண்டுக்கு மலைப் பைத்தியம். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் சனிக்கிழமை என்றால் அவன் வீட்டில் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை என்னையும் ஹாரோவுக்கு அழைத்துப் போனான். முன்னால் நடந்தான். நடந்தான். நடந்துகொண்டே இருந்தான். நான் ஓடைக்கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காருக்குத் திரும்பிவிட்டேன். உச்சியில் சாண்ட்விச்சைப் பிரித்து "இந்தா" என்று பின்னால் கை நீட்டியபோதுதான் நான் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்ததாம். அதை ஊர் முழுக்க வேடிக்கைக் கதையாகச் சொல்லுவான். நானும் சேர்ந்து சிரிப்பேன். நன்றாகவே சிரிப்பேன்.

ஜூன் 22, ஞாயிறு

பெர்னிஸிடம் சொன்னேன். பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை, எனக்குச் சமவயது, இந்த ஊரிலேயே பெரிய வாய்.

"அறுபது வயசுல, விட்டுட்டுப் போன புருஷன் கல்யாணத்துக்கு மலையேறப் போறியா? என் பழைய புருஷன் கல்யாணத்துக்கு நான் ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்பலடி."

"நான்தான்டி அவனை விட்டேன்."

"அப்போ இன்னும் மோசம்."

இருந்தாலும் கூட வந்தாள். நூலகத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறிப் பார்த்தோம். அதை மேடு என்று சொல்வதே அதிகம். குளிர்காலத்தில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் இடம். பாதியில் என் இதயம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வருஷக்கணக்காக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தே வாழ்ந்தவளுக்கு வலது காலில் மட்டும்தான் பலம். பிரேக் போடும் கால்.

ஜூலை 6

புதுப் பூட்ஸ். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். நாளைக்குச் செருப்பு.

ஜூலை 19, சனி

ஹாரோவுக்கே போனோம், நானும் பெர்னிஸும். கடிக்கிற கறுப்பு ஈக்கள் போய்விட்டன என்று எல்லோரும் சொன்னார்கள். போகவில்லை, பெர்னிஸுக்காகக் காத்திருந்தன. ஓடையைத் தாண்டியதும் அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து, "எனக்கு இதுதான் உச்சி. காட்சி பிரமாதம்" என்று அறிவித்தாள். எதிரே தெரிந்தது ஒரு மரம். மரத்தில் ஓர் அணில். அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் நான் ஓடையைத் தாண்டிவிட்டேன். அன்று உட்கார்ந்த இடத்தை வெறுமனே கடந்து போனேன். அது எவ்வளவு கீழே இருக்கிறது! பாதையின் தொடக்கம்தான் அது. அவ்வளவு தூரம் வந்ததாக இத்தனை காலம் நினைத்திருந்தேனே.

ஆகஸ்ட் 2, சனி

தனியாகப் போனேன். இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் பொய்யர்கள். "இன்னும் கொஞ்சம்தான்", "அந்த வளைவு தாண்டினா போதும்", "நல்லா ஏறுறீங்க." கடைசியில் சொன்னவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி வேணுமா?" என்றார். அவர் ஒருவர்தான் உண்மையான மனிதர்.

உச்சிக்கு முன்னால் ஒரு பாறைச் சுவர் இருக்கிறது. அதில் இரும்புக் கம்பிகளை வளைத்து ஏணிப் படிபோல அடித்திருக்கிறார்கள். ரோலண்ட் இதைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. மூன்றாவது படியில் நின்று தவறுதலாகக் கீழே பார்த்தேன். அப்புறம் இறங்கிவிட்டேன். இறங்கினேன் என்பது மரியாதையான சொல்.

ஆகஸ்ட் 16

மீண்டும் அதே சுவர். அடியில் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் சாப்பிட்டேன். சுவரை ரொம்ப நேரம் முறைத்தேன். அதுவும் முறைத்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கோலெட் போன் செய்தாள். என் மகளுக்கு அப்பாவின் கால்கள், என் வாய்.

"அம்மா, நீ மேல வராட்டி யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"நான் தப்பா நினைப்பேன்."

"ட்ரூடி வாரா வாரம் அப்பா கூடப் போறாங்க, தெரியுமா? ஹாரோவுக்கே எத்தனையோ தடவை. அவங்க பழகினவங்க. உனக்கு எதுக்கும்மா இந்தப் போட்டி?"

போட்டியா? யார் போட்டி போடுகிறார்கள்? பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன், அவ்வளவுதான்.

வாரா வாரமாம். அந்த ட்ரூடி பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறவள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. கால் பலமாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 13, சனி

மருந்துக் கடையில் ட்ரூடி. முட்டிக்குக் கட்டும் பட்டியைக் கையில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், ஒழுங்காக வாரிய தலை, பற்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"நோரீன், நீங்க மேல வர்றீங்களாமே. ரோலண்ட் சொன்னார்." கொஞ்சம் தயங்கி, "அந்தக் கம்பிப் படி... காத்து அடிச்சா எப்படி இருக்கும்?" என்றாள்.

வாரா வாரம் போகிறவள் என்னிடம் கேட்கிறாள்! வேண்டுமென்றே சீண்டுகிறாள் என்று நினைத்து, "அதெல்லாம் பழகிட்டா ஒண்ணுமில்ல" என்று பெரிய மலைவீரன்போலச் சொல்லிவிட்டு இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு இருமலே இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

நாளை வெயில் என்கிறார்கள். மழை வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. இன்று உடம்பில் வலிக்காத இடம் கண் இமைகள் மட்டும்தான். எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

அவனுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று விடிந்ததும் கிளம்பினேன். ஓடைகூட வரவில்லை, பின்னால் பேச்சுச் சத்தம். ரோலண்ட், கழுத்தில் போ டை. அவனுடன் கல்யாணம் நடத்தி வைக்கும் நண்பன் லியோன், பூக்கூடைகளோடு விருந்தாளிகள். "மெதுவா வா, நோரீன், அவசரமே இல்ல!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டலுக்காகவே ஏறினேன். ட்ரூடியும் கோலெட்டும் எங்கே என்று கேட்டதற்கு, "மாப்பிள்ளை பொண்ணை உச்சியிலதான் பாக்கணும். அவங்க முன்னாடியே கிளம்பிட்டாங்க" என்றான்.

பாறைச் சுவருக்கு நான் போய்ச் சேரும்போது அடியில் இரண்டு பேர். ட்ரூடி வெள்ளைக் கவுனை இடுப்பில் சுருட்டிச் செருகி, கீழே மலையேறும் பேண்ட்டும் பூட்ஸுமாக, ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். கோலெட்டின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"அப்பா கண்ணுல படலையா?" என்றேன்.

"மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டோம்," என்றாள் கோலெட். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம். "ட்ரூடி மேல வர மாட்டேங்கறாங்கம்மா."

"முட்டியா?" என்று கேட்டேன்.

ட்ரூடி என்னைப் பார்த்தாள். "முட்டி நல்லாத்தான் இருக்கு, நோரீன். எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் இங்க வரைக்கும் வருவேன். முட்டி வலிக்குதுன்னு உட்கார்ந்துடுவேன். அவர் மட்டும் மேல போயிட்டு வருவார். எனக்கு... எனக்கு உயரம்னா உயிர் போயிடும்."

"அவன்கிட்ட சொல்லலையா?"

"முதல் நாளே சொல்லியிருக்கணும். ஆனா அவர் கண்ணு மின்ன மின்ன மலையைப் பத்திப் பேசினாரா... அப்புறம் கல்யாணமே மேலதான்னு முடிவு பண்ணிட்டார். இன்னைக்கு எப்படியும் ஏறிடுவேன்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் முகம் வாடியது. "உன்னைப் பார்த்துச் சிரிக்கல," என்றேன். "நானும் இந்த இடத்தைத் தாண்டினதே இல்ல. கோடை முழுக்க இந்தச் சுவரைப் பார்த்துட்டுப் பார்த்துட்டு வீட்டுக்குப் போயிருக்கேன்."

"மருந்துக் கடையில பழகிட்டா ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே!"

"பழகினாத்தானே?"

கோலெட் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருமா? இந்த அப்பாவுக்கு ஆள் பார்க்கவே தெரியாதா?"

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு ட்ரூடி அழ ஆரம்பித்தாள். யாராவது மேலே போய்ச் சொல்ல வேண்டும். கோலெட் எழுந்தாள், ட்ரூடி அவள் கையை விடவில்லை. அப்போது என் வாயிலிருந்து வந்தது: "நான் போறேன். ரோலண்டுகிட்ட அவனுக்குப் பிடிக்காததைச் சொல்ல என்னைவிட அனுபவசாலி யாரு?"

ஏறினேன். எப்படி என்றால், பஸ்ஸில் பிள்ளைகளை அதட்டும் குரலில் என் கைகால்களை அதட்டிக்கொண்டே ஏறினேன். "இடது கால், இடத்துல நில்லு! வலது கை, விளையாட்டு வேணாம்! யாரும் ஜன்னலுக்கு வெளிய பாக்கக் கூடாது!" கீழே கோலெட் சிரிப்பது கேட்டது. சிரிக்கட்டும். கடைசிக் கம்பிக்கு மேல் வயிற்றால் ஊர்ந்து, கடல்நாய்போல மேலே போய்ச் சேர்ந்தேன்.

அங்கிருந்து உச்சி உண்மையாகவே கொஞ்ச தூரம்தான்.

"நோரீன்!" ரோலண்டுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "வந்துட்டியா! ட்ரூடி எங்க?"

"கீழ. பாறைக்கு அடியில. மேல வரமாட்டா. பயப்படுறா, ரோலண்ட். எப்பவும் பயந்துதான் இருந்திருக்கா. முட்டி எல்லாம் சும்மா."

பூக்கூடை வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தூரத்து ஏரியைப் பார்த்தார்கள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு... நான் போய்ப் பேசிக் கூட்டிட்டு வர்றேன்."

"கூட்டிட்டு வராத. போ. போய் அங்கேயே நில்லு."

அவன் போ டை காற்றில் படபடத்தது. பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "உனக்கும் பயம்தானா? அன்னைக்கு?" என்றான்.

"இல்ல. அன்னைக்கு எனக்குப் பயமே இல்ல. நீ திரும்பிப் பாப்பியான்னு பார்த்தேன்."

இத்தனை வருஷத்தில் அதை நான் சொன்னதே இல்லை. எனக்கே தெரிந்திருந்ததா, தெரியவில்லை. அவன் என் தோளை ஒருமுறை தொட்டான், இம்முறை தட்டவில்லை. அப்புறம் இறங்கினான், ஓட்டமும் நடையுமாக, அவன் வயதுக்கு ஆகாத வேகத்தில். லியோனும் விருந்தாளிகளும் கூடைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். "மூச்சு வாங்கிட்டு வர்றேன்," என்றேன்.

யாருமில்லை. காற்று மட்டும். மலைக்குப் பின் மலை, அதற்குப் பின்னும் மலை. அவற்றின் மேல் யாரோ சிவப்பும் மஞ்சளுமாகக் கம்பளிகளைக் காயப் போட்டதுபோல மரங்கள். ஏரிகள் எல்லாம் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள். நான் தினமும் பஸ் ஓட்டும் சாலை கீழே ஒரு நூல். அந்த நூலில் இத்தனை வருஷம் இங்குமங்கும் போய்க்கொண்டிருந்தேனா! ஒவ்வொரு காலையும் இந்த மலை என் கண்ணாடிக்கு எதிரேதான் நின்றது. அதை ரோலண்டின் மலை என்று நினைத்திருந்தேன்.

ஒரு நிமிஷம்தான் உட்கார்ந்தேன் என்று நினைப்பு. கீழேயிருந்து கைதட்டலும் கூச்சலும் கேட்டது. ஐயோ, கல்யாணம்!

எதற்காகக் கோடை முழுக்கப் பாடுபட்டேனோ, அந்தக் கல்யாணத்தை நான் பார்க்கவில்லை.

இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமை, கம்பி கண்ணுக்கே தெரியவில்லை. தொங்கிக்கொண்டு நின்றபோது கீழேயிருந்து புது மணப்பெண்ணின் குரல்: "நோரீன், இடது காலை இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், அங்கதான். இப்ப வலது. நான் பார்த்துக்கிறேன், நீங்க கீழ பாக்காதீங்க." பல் சுத்தம் செய்யும்போது பேசுவார்களே, அதே குரல். ஒவ்வொரு கம்பியாக என்னை இறக்கிவிட்டாள். தரையில் கால் பட்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மேல் உதட்டில் அழுத உப்பு, கையில் மோதிரம்.

கூடாரத்தில் பெர்னிஸ் கேட்டாள்: "எப்படி இருந்துச்சு கல்யாணம்?"

"சத்தம் நல்லா கேட்டுச்சு," என்றேன்.

அக்டோபர் 3

பஸ்ஸில் ஒரு சிறுமி, "மிஸ் நோரீன், ஏன் தாத்தா மாதிரி நடக்குறீங்க?" என்றாள். பெருமையாக இருந்தது.

அக்டோபர் 16, வியாழன்

மதியம் பஸ் ஓட்டம் முடிந்ததும் ட்ரூடி கொட்டகைக்கு வந்தாள். தேன்கேக்கு வாங்கி வந்திருந்தாள். சுற்றி வளைத்துப் பேசினாள்: குளிர் வந்துவிட்டது, புல் மஞ்சளாகிவிட்டது, ரோலண்ட் இப்போதெல்லாம் குளத்தைச் சுற்றியே நடக்கிறார், முயலைப் பார்த்தால்கூட நின்று இவளுக்குக் காட்டுகிறார். கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"எனக்குக் கத்துக் குடுக்கறீங்களா? ஏறுறதுக்கு. அவர்கிட்ட சொல்லாம."

கொட்டகைக்குப் பின்னால், பஸ்ஸைவிடச் சற்றே உயரமான ஒரு பாறை இருக்கிறது. அதட்டும் குரலை அவளுக்கும் கொடுத்தேன். இரண்டு தடவை வழுக்கினாள். ஒரு தடவை கெட்ட வார்த்தை சொன்னாள். அவ்வளவு வெள்ளைப் பற்களிலிருந்து அது வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. மேலே வந்ததும் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு கண்ணை, பிறகு மற்றதைத் திறந்தாள். வரிசையாக மஞ்சள் பஸ்களின் கூரைகள். அவற்றின் மேல் இலைகள்.

"நல்லாயிருக்கு," என்றாள், நடுக்கத்தோடு.

போன் அடித்தது. "நோரீன் கூட இருக்கேன்," என்றாள் அவனிடம். "எங்கயா? சும்மா, ஒரு இடத்துல. இல்ல, சாப்பாட்டுக்கு நேரமாகும்."

தேன்கேக்கை எடுத்துப் பிய்த்துத் தின்றோம். வெயில் பாறையிலிருந்து மெல்ல நகர்ந்தது. இறங்குவதைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை.