அப்பா எடைபோட்ட மல்லிகை

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு,

இங்கே நாங்களும் மாடுகளும் சுகம். அந்த வடக்கத்தி வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மதுமதி எழுதுகிறாள். ஒன்பதாவது படிக்கிறவள், என் பேச்சைத் திருத்தாமல் எழுத மாட்டாள், பொறுத்துக்கொள். போனில் சொல்ல முடியாத விஷயம், போனைப் பிடித்துக்கொண்டு உன் அப்பா நிற்கிறாரே.

நீ ஆராய்ச்சிக்கென்று நம் குண்டுமல்லித் தோட்டத்தில் நான்கு வரிசைக்குப் பூ அதிகம் பிடிக்கும் மருந்து தெளித்து, நான்கு வரிசையைச் சும்மா விட்டுவிட்டுப் போனாய், விடியலில் இரண்டையும் தனித்தனியாகப் பறித்து எடைபோட்டு ஞாயிறுதோறும் அப்பா உனக்கு வாசிக்கிறார், மருந்து வரிசைதான் எப்போதும் ஜெயிக்கிறது. ஜெயிக்காமல் என்ன செய்யும்? எடைக்கு முன்னால் சும்மா வரிசைக் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி மருந்துக் கூடையில் போடுகிறார். பூப்பறிக்கும் மாரியாயிதான் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, உங்க ஊட்டுக்காரரு தராசுக்கே மருந்தடிக்கறாருங்க" என்று சிரித்தாள். கேட்டால், "நம்ம புள்ள படிப்பு தோத்துப்போச்சுன்னு வரலாமா" என்கிறார். டாக்டர் பட்டத்தை அவருக்கே கொடுக்கச் சொல், உன்னைவிட வேகமாக ஆராய்ச்சியை முடித்துவிட்டார்.

மாரியாயி சொன்ன நாள் முதல், நாற்பது நாளாக, கூடை வந்தவுடன் அவர் கை படும் முன்பே மது எடைபோட்டுத் தன் நோட்டில் குறித்திருக்கிறாள், அதன் நகல் இதோடு இருக்கிறது. இரண்டு வரிசையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி சமமாகத்தான் பூத்திருக்கின்றன, உன் மருந்தைச் செடிகள் மதிக்கவே இல்லை. நம் வீட்டோடு நின்றால் நானும் சிரித்துவிட்டுப் போவேன். புதுச்சத்திரம் டீக்கடையில் அப்பா அளந்ததைக் கேட்டுவிட்டு, பக்கத்துத் தோட்டத்துப் பொன்னன், "அந்த மருந்து எங்க கெடைக்குமுங்க" என்று தினமும் வந்து நிற்கிறார், தன் ஒரு ஏக்கர் முழுவதற்கும் அடிப்பாராம். இந்த மாதம் பேராசிரியரிடம் முடிவைக் கொடுக்க வேண்டும் என்றாயே, மது நோட்டில் இருப்பதைக் கொடு. இன்னொரு வருஷம் இழுத்தால் இழுக்கட்டும். அப்பா அள்ளிப் போட்ட பூவில் டாக்டராகி வந்தாலும், நம் வீட்டுக்குத் தடம் பொன்னன் தோட்டத்து வழியாகத்தான், நினைவிருக்கட்டும்.

தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள் சாமி. ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போல எண்களை வாசிப்பார். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேள். எழுதிக்கொள்ளாதே.

உன் அம்மா,
தமிழ்ச்செல்வி