சம் டிஸ்டன்ஸ் என்றால் எவ்வளவு தூரம்

காட்டுப்பள்ளி,
பொன்னேரி தாலுகா,
10-7-1971

கல்கத்தா ஆஸ்பத்திரியில் இருக்கும் தாவீது அண்ணனுக்கு, கங்கம்மா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நானும் பாப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அத்திப்பட்டுக்குப் போய் அண்ணியைப் பார்த்து இந்த விலாசத்தை வாங்கி வந்தேன். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். சின்னவனுக்கு அம்மை இறங்கிவிட்டது. நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அண்ணி கண் கலங்கினார்கள். அவர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கல்கத்தா மழையைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

கப்பல் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. பொன்னேரிக்கு எடுத்துப் போய் ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார் பராசரன் ஐயாவிடம் கொடுத்தேன். பினாங்குத் துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டு நின்றபோது நீங்களும் அவரும் சின்னப் படகில் இறங்கினீர்களாம். படகு கவிழ்ந்துவிட்டதாம். உங்களைத் தூக்கிவிட்டார்கள். அவர் 'சம் டிஸ்டன்ஸ்' தள்ளித் தண்ணீரில் தெரிந்தாராம். அப்புறம் 'ஷார்ட்லி' அவரைக் காணவில்லையாம். இவ்வளவுதான் கடிதம்.

சம் டிஸ்டன்ஸ் என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். கொஞ்ச தூரம் என்றார். இங்கிருந்து உப்பங்கழிக்கு அக்கரை வரைக்குமா, இல்லை அத்திப்பட்டு ஸ்டேஷன் வரைக்குமா என்று கேட்டேன். "அதிலே அளவு இல்லேம்மா. கிட்டேன்னும் சொல்லலே, தூரம்னும் சொல்லலே" என்றார். ஷார்ட்லி என்றால் கொஞ்ச நேரத்தில் என்று அர்த்தமாம். உலை கொதிக்கிற நேரமா, கண் மூடித் திறக்கிற நேரமா? அதுவும் தெரியாதாம். பாவம், தடிப் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தெரியாததையும், சொல்லப் பிடிக்காததையும் ஆபீசில் இப்படித்தான் எழுதுவா என்று கடைசியில் சொன்னார்.

மண்ணெண்ணெய் ஊற்றுகிறவன்கூட அளந்துதான் ஊற்றுகிறான். ஒரு ஆளைத் தொலைத்துவிட்டு அளக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

அண்ணா, அந்தத் தூரம் தெரிந்தால் எனக்குப் போதும். அவர் நீச்சல் உங்களுக்குத் தெரியாததா? மழைக்காலத்தில் ஓடம் வராவிட்டால் சட்டையையும் வேட்டியையும் தலையில் கட்டிக்கொண்டு கழியை நீந்திக் கடந்து ரயிலைப் பிடிக்கிறவர். அவ்வளவு தூரம்தான் என்றால் கட்டாயம் கரை ஏறியிருப்பார். அந்த ஊரில் ஏதாவது குப்பத்தில் பேச்சு புரியாமல் கிடப்பார். நான் கலெக்டரைப் பார்ப்பேன், மந்திரி காலில் விழுவேன், எப்படியாவது கொண்டுவந்துவிடுவேன்.

இங்கே எனக்கு நாள் இல்லை. ஆடி அமாவாசை அன்று கடற்கரையில் காரியம் செய்துவிட வேண்டும் என்று என் கொழுந்தன் சுப்பிரமணி ஏற்பாடு செய்கிறான். "இன்னா அண்ணி, கம்பெனிக்காரனே கைய விரிச்சிட்டான். நீ இப்டியே பொட்டு வெச்சிக்கினு இருந்தா ஊருல இன்னா பேசுவாங்க" என்கிறான். அவன் கெட்டவன் இல்லை. எண்ணூர் பவர் ஹவுஸில் கரி அள்ளி அவன் கொண்டுவரும் அரிசியில்தான் எங்களுக்கும் உலை கொதிக்கிறது. ஆனாலும் விடவில்லை, கேட்டுவிட்டேன். "உங்க அண்ணன் முழுகினத கண்ணால பாத்தேன்னு ஒரு ஆளு சொல்லட்டும், அப்பால என் தாலி மேல கைய வையி" என்றேன். அப்படிப் பார்த்திருக்கக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாவீதுக்கு முட்டியளவு தண்ணியே பயம் என்று அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நீச்சல் தெரியாத நீங்கள் பிழைத்தீர்கள். அவரைக் காணவில்லை. இதையே நினைத்து நினைத்து எனக்குத் தலை வெடிக்கிறது. கையில் கிடைத்த பலகையையோ துடுப்பையோ உங்கள் பக்கம் தள்ளியிருப்பார். எனக்கு அவரைத் தெரியும். நீங்கள் பிழைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை அண்ணா, சத்தியமாக இல்லை. உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மைல், கஜம் எல்லாம் உங்களுக்கும் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். நம் ஊர்க் கணக்கில் சொல்லுங்கள். அவர் கூப்பிடு தூரத்தில் இருந்தாரா? கூப்பிட்டாரா? உங்கள் காதில் விழுந்ததா? விழுந்தது என்றால், யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று அமாவாசைக்கு முன்னால் எனக்கு எழுதிவிடுங்கள். உங்கள் பெயராக இருந்தாலும் எழுதுங்கள். நான் தாங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் கும்பிடும் தெய்வம் உங்களைப் பத்திரமாக அண்ணியிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
சின்னராசு மனைவி கங்கம்மா