அரக்குக்குள் ஒரு நெல்மணி

பரமாரிபோ,
சின்ன மழை தொடங்கிய வாரம், டிசம்பர் 1778.

அமிம்பாவுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ என்னோடு பேசுவதை நிறுத்தியதிலிருந்து நானும் உன்னோடு பேசவில்லை. சந்தையில் எதிரெதிரே வந்தால்கூடத் தொப்பியைச் சரிசெய்கிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தக் கோபம் தீர்ந்துவிட்டதால் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. தீரவில்லை. அதைவிட அவசரமான ஒன்று வந்துவிட்டது.

இதை உனக்குப் படித்துக்காட்டப்போகும் மார்கிரீட்டா அம்மாவுக்கு என் வணக்கம். அம்மா, நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்தில் நீங்கள் தங்கும் விடுதி நடத்துகிறீர்கள் என்றும், எங்கள் ஊரிலிருந்து எஜமானிகளோடு வந்த பெண்கள் உங்கள் அடுப்படியில்தான் கொஞ்ச நேரம் மூச்சு விடுகிறார்கள் என்றும் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவன் சொன்னான். அமிம்பாவின் துரைசானி கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் படியுங்கள். நடுவில் அமிம்பா எழுந்து ஓடப் பார்ப்பாள். கையைப் பிடித்து உட்காரவைத்து முழுதும் படித்துவிடுங்கள்.

அமிம்பா, முதலில் சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மகள் யாபா இப்போது லம்பெர்ட் துரையின் கையில் இல்லை. சாகவில்லை. விற்கப்படவில்லை. காய்ச்சலும் இல்லை. இந்தக் கடிதம் வருகிற அதே கப்பலின் தபால் பையில், லம்பெர்ட் தன் அக்காவான உன் துரைசானிக்கு எழுதிய கடிதமும் வருகிறது. யாபா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், அம்மா அம்மா என்று அரற்றுகிறாள், வைத்தியர் கைவிரித்துவிட்டார் என்று அதில் இருக்கும். துரைசானி அதை உனக்குக் கண்ணீரோடு படித்துக்காட்டுவாள். அவள் கண்ணீர் உண்மையாகக்கூட இருக்கலாம். கடிதம் பொய்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் என் எதிரிலேயே சொன்னான். வியாபாரிகள் கூடும் காப்பி மேசையில், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. "கன்னுக்குட்டி கட்டுத்தறியில இருந்தா பசு தானா வீடு வந்து சேரும். கன்னுக்குட்டி அறுத்துக்கிட்டு ஓடிருச்சுன்னு பசுவுக்கு யாருய்யா போய்ச் சொல்லப்போறா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். என் நிறத்தில் ஒருவனை அந்த மேசையில் உட்காரவிடுவதே அதற்குத்தான்.

யாபா போன கதையை நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். இல்லாவிட்டால் என்னை நம்பமாட்டாய்.

உன் கப்பல் போன கொஞ்ச நாளில், ஆகஸ்டில் கோடை தொடங்கியதும், லம்பெர்ட் அவளை ஆற்றுக்கு மேலேயுள்ள தோட்டத்துக்கு மாற்ற முடிவு செய்தான். ஹாலந்து மண்ணை மிதித்தவர்கள் அடிமையில்லையாமே, மெய்யா என்று அவள் சமையலறையில் யாரிடமோ கேட்டாளாம். அது அவன் காதுக்குப் போய்விட்டது. அவன் கூரைப்படகில்தான் கூட்டிப்போனான். காப்பி மூட்டைகளைப் பார்த்துவர எனக்கும் அதே படகில் போகவேண்டியிருந்தது. அவள் துடுப்புக்காரர்களின் காலடியில், மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அன்று காலையில்தான் யாரோ அவளுக்குத் தலை பின்னிவிட்டிருந்தார்கள். நெருக்கமான, இறுக்கமான பின்னல், மண்டையோடு ஒட்டி வரிவரியாக. யார் பின்னியது என்று இங்கே எழுதமாட்டேன். உனக்கே தெரியும்.

ஆற்றுக் காவல் நிலையத்தில் படகை நிறுத்தினார்கள். ஒரு நாளைக்கு மேல் தின்னப் போதுமான எதுவும் அடிமையின் கையில் இருக்கக்கூடாதென்ற சட்டம் உனக்குத் தெரிந்ததே. சிப்பாய் கூடையைக் கவிழ்த்தான். ஒரு துண்டு மரவள்ளி ரொட்டியும் ஒரு சீப்பும் விழுந்தன. இவ்வளவுதானா, காற்றைத் தின்று உயிர் வாழ்வாயா என்று அவன் கிண்டல் செய்தான். உன் மகள் தலை நிமிராமல், "காத்துக்கு உங்ககிட்ட தடையில்லையே துரை" என்றாள். துடுப்புக்காரர்களின் தோள்கள் குலுங்கின. அந்த வாய் எங்கிருந்து வந்ததென்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

லம்பெர்ட்டும் சிரித்தான். பிறகு கைத்தடியின் நுனியால் அவள் பின்னல் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். "பாருங்கய்யா, கல்யாணத்துக்குக் கிளம்பினவ மாதிரி சிங்காரத்தை. ஆத்தாக்காரி அந்தப் பக்கம் போனதும் இங்க மினுக்கு ஆரம்பிச்சாச்சு."

அப்போது ஒரு நெல்மணி விழுந்தது.

படகுப் பலகையில், என் பூட்சுக்குப் பக்கத்தில். சிவப்பு உமி, நீண்ட வால். அது எந்த நெல்லென்று பார்த்தவுடனே தெரிந்தது. சமையலறைக்குப் பின்னால், கோழிக்காக என்று துரைசானியிடம் சொல்லி நீ வளர்த்த அந்த ஒரு பாத்தி நெல். உன் தாய் கடல் கடந்து கொண்டுவந்தது என்று நீ ஒருமுறை சொல்லியிருக்கிறாய். காட்டுக்குத் தப்பிப் போகிற பெண் பின்னலுக்குள் விதைநெல்லை ஒளித்துக்கொண்டுபோவாள் என்பது இந்த ஊரில் நம் நிறத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நூறு வருஷமாக வெள்ளைக்காரர்கள் கூடையைக் கவிழ்க்கிறார்கள், பாவாடையை உதறுகிறார்கள், வாயைத் திறந்துகூடப் பார்க்கிறார்கள். முடியை மட்டும் தொட்டுப் பார்ப்பதில்லை. அதை அவர்கள் அழகென்று நினைக்கிறார்கள்.

நான் காலை நகர்த்தி அதன்மேல் வைத்தேன். லம்பெர்ட்டின் கண் என் காலுக்கு வந்தது. என்ன, கால் மரத்துப்போய்விட்டதா என்று கேட்டான். பூச்சி என்றேன். "நசுக்கு, நல்லா நசுக்கு" என்றான். நான் பூட்சைத் திருகினேன். சிப்பாய் இன்னும் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். படகு நகரும்வரை நான் காலை எடுக்கவில்லை. யாபா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லும் பழக்கம் உங்கள் குடும்பத்திலேயே இல்லை.

அதை நல்ல மனதால் செய்தேன் என்று நினைக்காதே. ஹாலந்தில், லெய்டனில் சட்டம் படித்துவிட்டு வந்து, நீதிமன்ற எழுத்தர் வேலைக்கு நான் மனுப்போட்டபோது, என் தாயின் நிறத்தைச் சுட்டிக்காட்டி அதைத் தடுத்தவன் இந்த லம்பெர்ட். தன் பெயரையே பிழையில்லாமல் எழுதத் தெரியாத தன் மைத்துனனை அங்கே உட்காரவைத்தான். அவனுக்கு ஒரு நெல்மணி அளவு நஷ்டம் வந்தாலும் எனக்கு லாபம். அப்படித்தான் அன்று நினைத்தேன்.

தோட்டத்துக்குப் போன கொஞ்ச நாளில் அவள் காணாமல் போனாள். நாய்களை விட்டார்கள். சிப்பாய்களும் போனார்கள். நாய்கள் ஓடைக்கரையில் நின்று குரைத்துவிட்டுத் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. நானும் அவள் செத்திருப்பாள் என்றே நினைத்தேன்.

போன வாரம், மேலாற்றில், முன்பே தப்பி ஓடியவர்கள் காட்டுக்குள் கட்டிக்கொண்ட சுதந்திர ஊர்களிலிருந்து வழக்கம்போல ஆட்கள் மரம் விற்க வந்தார்கள். அவர்களில் ஒருவன் சந்தையில் ஒரு சட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றானாம், உனக்குத் தெரிந்த அந்த வெளுக்கிறவள் பக்கத்தில். ஓட்டைச் சட்டிக்கு இந்த விலையா என்று கடைக்காரியை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே, நடுவில் குரலை மாற்றாமல், "அந்தப் புள்ள அம்மாகிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லிச்சு. நெல்லு முளைச்சிருச்சாம்" என்றானாம். பிறகு மறுபடி சட்டியை ஏச ஆரம்பித்துவிட்டானாம்.

அவ்வளவுதான் சேதி. எந்த ஊர், எந்த ஓடை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன். புதிதாக ஓடி வருகிறவர்களைத் திருப்பிக் கொடுப்பதாக வெள்ளைக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டவர்கள் அவர்கள். அதனால் அவளை யாருக்கோ அக்காள் மகள் என்று சொல்லித்தான் வைத்திருப்பார்கள். வெளுக்கிறவள் இதை என்னிடம் வந்து சொன்னாள். கடல் தாண்டி எழுத வேறு ஆள் இல்லையே. "உங்க படிப்பு இதுக்காச்சும் உதவட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீங்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுகிறீர்கள்.

இப்போது கவனமாகக் கேள். நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். மகள் உயிரோடு இருக்கிறாள், ஊருக்குத் திரும்பினால் ஆற்றோடு போய் எப்படியாவது சேர்ந்துவிடலாம் என்று நினைப்பாய். முடியாது. நீ வந்து இறங்கினால் உன்னை என்ன செய்வதென்று லம்பெர்ட் முடிவுசெய்துவிட்டான். தோட்டத்தின் எல்லையில், மரம் விற்கிறவர்கள் போகிற வழியில், உன்னைக் கால்கட்டையில் பூட்டி வைக்கப்போகிறான். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பசுவைக் கட்டிவைத்தால் கன்று தானாக வெளியே வரும் என்று. உன் மகள் வருவாள், அமிம்பா. உனக்கும் தெரியும், வருவாள். நீ திரும்பி வந்தால் அவளைக் காட்டிலிருந்து வெளியே இழுக்கிற கயிறு நீதான்.

ஹாலந்து நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறேன். நான் படித்தது. எஜமானோடு வந்த அடிமை அரை ஆண்டுக்கு மேல் அங்கே தங்கிவிட்டால் சுதந்திரம். துரைசானிக்கும் இது தெரியும். அதனால்தான் பனி உருகியதும் முதல் கப்பலிலேயே, கெடு முடிவதற்குள் கிளம்பப் பார்க்கிறாள். கெடுவை நீட்டித் தரச்சொல்லி அவள் அதிகாரிகளிடம் கேட்கலாம். கேட்கத் தோன்றாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு. லம்பெர்ட்டின் கடிதத்தை அவள் படித்துக்காட்டும்போது அழு. நன்றாக அழு. எப்போது கப்பல் என்று கேட்டுக்கொண்டே இரு. அவள் பட்டுத்துணிகளை மடித்துவை, பெட்டிகளைக் கட்டு, வண்டியில் ஏற்று. உன் வாயை மட்டும் அடக்கு. அது எனக்குத் தெரிந்த வாய். கப்பலுக்குப் போகிற காலையில், மறந்துவைத்த ஒன்றை எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு மார்கிரீட்டா அம்மாவின் வீட்டுக்குள் போய்விடு. துரைசானி உன்னைத் தேடிக்கொண்டு தங்கினாலும், தேடாமல் கப்பல் ஏறினாலும், நாள் உன் பக்கம் ஓடும், அரை ஆண்டு நிறைந்துவிடும்.

அங்கே உனக்குச் சொர்க்கம் காத்திருக்கிறது என்று சொல்லமாட்டேன். நான் இருந்து பார்த்த நாடு. எலும்புக்குள் இறங்குகிற குளிர். தெருவில் போனால் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து உன் கையைத் தேய்த்து நிறம் போகிறதா என்று பார்ப்பார்கள். யாரோ ஒருத்தியின் துணியைத்தான் வெளுப்பாய். யாபாவைப் பார்க்கமாட்டாய். இந்த வரியை எழுதுவதற்குள் பேனாவில் மை காய்ந்துவிட்டது. மறுபடி தோய்த்து எழுதுகிறேன்: பார்க்கமாட்டாய். அவள் இங்கே காட்டில் ஒருவருக்கும் சொந்தமில்லாமல் இருப்பாள், நீ அங்கே ஒருவருக்கும் சொந்தமில்லாமல் இருப்பாய், நடுவில் கடல். இதைவிட நல்ல சேதி என்னிடம் இல்லை.

இனி என் விஷயம். துரைசானியிடமிருந்து உன்னை வாங்கி என் வீட்டில் மனைவியாக வைத்துக்கொள்கிறேன் என்று நான் கேட்ட நாள் உனக்கு நினைவிருக்கும். மீன் அலம்பிக்கொண்டிருந்தாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விலை குடுத்து வாங்கின கை என்னைத் தொட்டா, அது புருஷன் கையா எஜமான் கையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாய். மறுநாளே உன் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவேன் என்றேன். "அதுவும் உங்க கையெழுத்துதானே" என்றாய். பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இனியும் மன்னிப்பேன் என்று தோன்றவில்லை.

பிரித்த கடிதத்தின் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருக்கும் சிவப்பு அரக்குக் கட்டியை மார்கிரீட்டா அம்மா மெதுவாக உடைக்கட்டும். உள்ளே அந்த நெல்மணி இருக்கிறது. பூட்சுக்கடியிலிருந்து எடுத்து இத்தனை மாதம் வைத்திருந்தேன். நசுக்கு என்றான், நசுங்கவில்லை. நான் எழுதியது பொய்யென்று தோன்றினால் உமியைப் பார். உன் பாத்தி நெல்லை நீ அறிவாய். அரக்கின் சூட்டில் வெந்திருக்கும், இனி முளைக்காது. முளைக்கவேண்டியதும் இல்லை. முளைக்கவேண்டியது வேறிடத்தில் முளைத்துவிட்டது. இதை உன் தலையில் வைத்துப் பின்னிக்கொள், அமிம்பா. கப்பல் கிளம்புகிற காலையில் அது உன் தலையில் இருக்கட்டும். உன் தாயின் தெய்வம் எதுவோ, அது உன் கால்களை அந்தக் கரையிலேயே நிறுத்தி வைக்கட்டும். வராதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், வராதே.

கீழே பெயரெழுத இடம் விட்டு வைத்திருந்தேன். இது லம்பெர்ட் கையில் சிக்கினால் எழுதியது யாரென்று ஊகிப்பான். ஆனால் ஊகத்தை வைத்து, சுதந்திரமாகப் பிறந்தவனைக் கட்டிவைக்க முடியாது, கையெழுத்து வேண்டும். பெயர் போடாததற்கு அது காரணமில்லை. மீன் அலம்பிக்கொண்டே நீ சொன்னதுதான் காரணம். உனக்கு வரப்போகிற விடுதலையின் அடியில் எந்த ஆணின் கையெழுத்தும் இருக்கவேண்டாம், என்னுடையதும் வேண்டாம். மை தோய்த்த பேனாவைத் துடைத்து வைத்துவிட்டேன். அரக்கு உருகிக்கொண்டிருக்கிறது. இதை இப்படியே மடித்து, பெயரில்லாமல் அனுப்புகிறேன்.