நாலு படத்துக்கும் ஒரே சாம்பல்

ஜூன் 12, வியாழன்

காலையிலேயே அனல். கடை ஷட்டர் பாதி மட்டும் தூக்கினேன். சேகர் போன பிறகு இன்றுதான் முதல் தடவை. கலா மீஞ்சூரில், அவள் அம்மா வீட்டில். செத்தது கூடப்பிறந்த தம்பி, இப்போதைக்கு வர மாட்டாள். நானும் மாமியார் வீட்டிலேயே இருந்திருக்கலாம். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

பிரின்டர் சும்மா கிடந்ததில் ஹெட் அடைப்பு. க்ளீனிங் போட்டேன். கறுப்பில் இன்னும் வெள்ளைக் கோடு. திரும்பப் போட்டேன். மை போனதுதான் மிச்சம்.

வாசலில் பிள்ளைகள் கூட்டம், பஸ் பாஸுக்கு போட்டோ. பள்ளிக்கூடம் திறந்தாச்சு. எடுத்துக் கொடுத்தேன். ஒரு பெண் சிரித்துவிட்டாள், திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

மதியத்துக்கு முன்னால் துரை அண்ணன் வந்தார். சேகர் வேலை பார்த்த இரும்பு உருக்காலையில் யூனியன் செயலாளர். கையில் பழுப்புக் கவர்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம இரங்கல் கூட்டம் வச்சிக்கிறோம். நாலு பேர் படமும் பெருசா ஓணும், ஒரே சைஸு. கறுப்பு வெள்ளையா போட்டுடு. கலர்ல போட்டா ஒண்ணு செவப்பா ஒண்ணு மஞ்சளா நிக்கும். பாக்கிறவனுக்கு எவன் பர்மனென்ட், எவன் கான்ட்ராக்ட்டுன்னு தெரியக்கூடாது."

சரி என்றேன். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்ல நினைத்தது அவர் போன பிறகு.

கவரில்:
ஏழுமலை. திருவாலங்காடு பக்கம், வயல் உள்ள குடும்பம். கல்யாண ஆல்பத்தில் கூட்டத்தோடு நிற்கிற படம். மஞ்சள் ஏறிவிட்டது.
முனிரத்தினம். ஆரம்பாக்கம். பாஸ்போர்ட் சைஸ், கன்னத்தில் ரப்பர் ஸ்டாம்ப்.
பிஜய். ஒரிசாக்காரன். படமே இல்லை. கூடத் தங்கியிருந்தவன் செல்லில் இருக்கிறதாம்.
சேகர் படம் என்னிடமே இருக்கிறது. போன வருஷம் புது கேமரா வாங்கியபோது லைட் பார்க்க அவனைத்தான் உட்கார வைத்தேன்.

உலையில் கொட்டின பழைய இரும்புக்குள் எங்கேயோ தண்ணீர் இருந்ததாம். அது வெடித்து, உருகினதெல்லாம் மேலே வந்துவிட்டது. நாலு பேரையும் ஆஸ்பத்திரியில் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை. பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 13, வெள்ளி

சேகர் படத்தை முதலில் எடுத்தேன். பாதி நாள் இதிலேயே.

கறுப்பு வெள்ளை என்று கொடுத்தாலும் இந்த பிரின்டர் எல்லாக் கலரையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்துதான் சாம்பல் செய்கிறது. டியூப் லைட்டில் பார்த்தால் கழுத்து நிழலில் பச்சை. அதே தாளை வாசல் வெயிலில் பிடித்தால் ரோஸ். பச்சையைக் குறைத்தேன், வெயிலில் இன்னும் ரோஸ். ரோஸைக் குறைத்தேன், கடைக்குள் பாசி பிடித்த மாதிரி. போன மாசம் பிரின்டரில் வெளியே தனி டாங்க் வைத்து, பாட்டில் மை ஊற்ற ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பேஜாரு. புது பாட்டில் உடைத்தால் புது நிறம்.

பெரிதாக்கிப் பார்க்கும்போது கண்ணுக்குள் என் குடை லைட் தெரிகிறது. பக்கத்தில் ஓர் உருவம். நான்தான்.

கொஞ்ச நேரம் மானிட்டரை அணைத்து வைத்தேன்.

ஜூன் 14, சனி

நேற்று மாலை போட்ட பிரின்ட் காலையில் வேறு மாதிரி. பச்சை குறைந்திருக்கிறது. மை காயக் காய நிறம் நகர்கிறது. இனி சூட்டோடு பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு ராத்திரி காய விட்டுத்தான்.

பிஜய்யோடு தங்கியிருந்தவன் வந்தான். பெயர் சுசாந்த். அவனும் அதே ஆலை. விரல் நுனி எல்லாம் கொப்புளம் ஆறின தழும்பு. அவன் செல்லிலிருந்து ப்ளூடூத்தில் ஏற்றினேன். பழவேற்காடு கடற்கரையில் எடுத்தது, தபால்தலை அளவு. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பிஜய். பின்னால் கடல், ஒரு படகின் மூக்கு.

"பெருசு வருமா அண்ணா?"

பார்க்கலாம் என்றேன். வராது என்று எனக்குத் தெரியும்.

இங்கே சுடுகாட்டில் இவன்களே சேர்ந்து எரித்திருக்கிறார்கள். ஆலையிலிருந்து யாரும் வரவில்லை என்றான்.

ஜூன் 15, ஞாயிறு

லோக்கல் ரயிலில் மீஞ்சூர். மாமியார் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. நாஷ்டா வாங்கிப் போனேன், பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

கலாவிடம் படம் செய்கிற விஷயம் சொன்னேன்.

"எந்த போட்டோ?"

"கடையில எடுத்தது. நீல செக் சட்ட."

"அதுல சிரிச்சிக்கினு இருப்பானே."

"லேசாத்தான்."

"அத்த மாத்திடாதீங்க." அதோடு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது ரயிலில் ஒருத்தன் இன்னொருத்தனிடம்: "நாலு பேருன்றான், பேப்பர்ல மூணுதான் போட்டுக்கிறான்."

ஜூன் 16, திங்கள்

பிரின்ட் பாதியில் கரன்ட் போனது. சேகர் மூக்கு வரை வந்து நின்றது. கரன்ட் வந்ததும் மெஷின் தானாகவே க்ளீனிங் போட்டு இன்னும் மை குடித்தது. தாளைக் கிழித்துப் போட மனசில்லை. மடித்து டிராயரில்.

சாயங்காலம் ஒன்று செய்து பார்த்தேன். 'கறுப்பு மை மட்டும்' என்று டிக் செய்து, கலர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். பளபளப்புத் தாளில் மோசம். சாய்த்தால் கறுப்பு தனியாக மேலே நின்று செம்பு மாதிரி மின்னுகிறது. மங்கல் தாளில் போட்டேன். பச்சையும் இல்லை, ரோஸும் இல்லை. கிட்டே பார்த்தால் வெளுத்த இடங்களில் மணல் தூவினது போலப் புள்ளி. சுவரில் ஒட்டிவிட்டுத் தெருவில் நின்று பார்த்தேன். புள்ளி மறைந்துவிட்டது.

நாலுக்கும் இதேதான். ஒரே பாட்டில், ஒரே கட்டுத் தாள். ஓரத்தில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை கட்டம் கட்டமாக ஒரு பட்டை. நாலு படத்துப் பட்டையும் ஒத்துப்போனால் பிரின்டர் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் ஓரத்தை வெட்டிவிடலாம்.

சமையல் காஸ் தீர்ந்துவிட்டது. பன்னும் டீயும்.

ஜூன் 17, செவ்வாய்

நாலும் முடிந்தது.

சேகர் கன்னத்துச் சாம்பலை அளவாக வைத்துக்கொண்டு மற்ற மூன்று முகத்தையும் அதற்குக் கொண்டுவந்தேன். ஏழுமலைக்கு வெளுப்பைக் கொஞ்சம் இறக்கி, முனிரத்தினத்துக்கு நிறைய ஏற்றி. ஸ்டாம்ப் மையைத் துடைத்து எடுத்தது பெரிய வேலை. பிஜய் முகத்தில் விவரமே இல்லை, மங்கலாகவே விட்டேன். கயிற்றில் வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டினேன். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.

இந்தப் பத்து நாளில் இன்றுதான் நன்றாகத் தூங்குவேன் போலிருக்கிறது.

ஜூன் 18, புதன்

முனிரத்தினத்தின் அம்மா வந்தார். துரை அண்ணன்தான் அனுப்பியிருக்கிறார், ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று. ஆரம்பாக்கத்திலிருந்து தனியாக பஸ் பிடித்து வந்திருக்கிறார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

கயிற்றில் இருந்த நாலையும் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து.

"இதுல எது எங்க நைனா, எம் புள்ள?"

காட்டினேன். கிட்டே போய்ப் பார்த்தார்.

"இது இல்ல."

"அவர்தாம்மா. நீங்க குடுத்த போட்டோதான், பெருசு பண்ணது."

"மூக்கு அவன்துதான். இந்தக் கலரு அவனுக்கு ஏது? எம் புள்ள கறுப்புப்பா. சட்டியடி கணக்கா கறுப்பு. நான் கறுப்பு, அவங்கப்பன் கறுப்பு." படத்தை விட்டு என் பக்கம் திரும்பினார். "மூஞ்சிதான் பாக்க வுடல. இங்கயும் வேற ஆள காட்றியேப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஸ்டாம்ப் குத்தின அந்தச் சின்னப் படத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஸ்டூடியோ வைத்த நாளிலிருந்து யார் வந்தாலும் ஒரு சுற்று வெளுப்பாக்கித்தான் கொடுக்கிறேன். பெண் பார்க்கக் கேட்கிற படத்துக்கு ரெண்டு சுற்று. இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

ஜூன் 19, வியாழன்

எல்லாம் முதலிலிருந்து. ஓரத்துப் பட்டை நாலிலும் ஒன்றாகவே இருக்கட்டும். முகங்களை அதன் அதன் இடத்தில் விட்டேன். முனிரத்தினம் முகம் கறுப்புக் கட்டத்துக்கு ரெண்டு கட்டம் முன்னால் வந்து நின்றது. அந்த இருட்டில் விவரம் மூடிக்கொள்கிறது. கன்ன எலும்பு தெரிகிற அளவுக்கு நிழலை மட்டும் திறந்தேன், முகத்தைத் தொடாமல். நாலு தாள் வீண். ஐந்தாவதில் நெற்றியில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்போதுதான் அந்த ஆள் இருபத்துச் சொச்சம் வயசுக்காரன் என்றே தெரிகிறது.

சாயங்காலம் கலா வந்துவிட்டாள். சொல்லாமல். நேராகக் கடைக்கு. சேகர் படத்தைப் பார்க்காமல் பிஜய் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது யாரு?"

சொன்னேன்.

"இவனா? சேகரு சொல்லிக்கிறான். மதியம் சோத்த பங்கு போட்டுக்குவானாம். நம்ம ஊட்டு மீன் கொழம்புன்னா உயிராம்." அப்புறம்தான் தம்பி பக்கம் திரும்பினாள். நான் கல்லாவில் ஏதோ தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

ஜூன் 20, வெள்ளி

துரை அண்ணன் போன். மூன்று படம் போதுமாம், பிஜய் வேண்டாமாம்.

நேரில் போய்க் கேட்டேன், யூனியன் ஆபீஸில். ஃபேன் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.

"கம்பெனி அவன் எங்க ஆளே இல்லைன்றான். கான்ட்ராக்டரு அன்னிக்கு அவனுக்கு ஷிப்ட்டே இல்லைன்றான். திங்கக்கெழம நஷ்டஈடு பேச்சுவார்த்த. இவன் படத்த வச்சா எழுந்து பூடுவானுங்க. மூணு குடும்பம் என்னை நம்பிக்கினு உக்காந்துக்கீது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது.

கலாவிடம் சொன்னேன். "அப்ப அவன் ஷிப்ட்டு இல்லாமயா உள்ள இருந்தான்?" என்றாள்.

ஜூன் 21, சனி

நாலுக்கும் ஃபிரேம். கண்ணாடி ஒன்றில் கீறல், மாற்றி வாங்கினேன். காஸ் வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் மீஞ்சூரில் சேகர் காரியம். அங்கிருந்து நேராகக் கூட்டம். சிப்காட் ரோட்டில் கல்யாண மண்டபம். வாசல் வளைவில் முந்தின கல்யாணத்து ஜோடிப் பெயர் இன்னும் எடுக்கவில்லை.

மேடையில் மூன்று படம், மாலை போட்டு. மண்டபத்து மஞ்சள் லைட்டிலும் ஒரே சாம்பலாக நின்றது. முனிரத்தினத்தின் அம்மா ஏறி வந்து கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைத் திருப்பி மண்டபத்தில் என்னைத் தேடினார். ஒரு தடவை தலையாட்டினார்.

நாலாவது என் மடியில், துணிப்பைக்குள். கொண்டு வா என்றது கலாதான். கொண்டுவந்தேனே தவிர எடுக்கிற தைரியம் எனக்கு இல்லை. முன் வரிசையில் ஆலை ஆபீசர்கள் ரெண்டு பேர்.

துரை அண்ணன் பேச ஆரம்பித்ததும் கலா என் மடியிலிருந்து பையை எடுத்தாள். மேடை ஏறினாள். சேகர் படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். சேகர் கழுத்து மாலையைக் கழற்றி ரெண்டுக்கும் சேர்த்துப் போட்டாள். எட்டவில்லை, படங்களை நெருக்கி வைத்துத் திரும்பப் போட்டாள்.

மைக்கை மூடிக்கொண்டு துரை அண்ணன் ஏதோ சொன்னார். கையை எடுத்தபோது கலா சொன்னது மட்டும் மைக்கில் கேட்டது.

"எந்தம்பி பக்கத்துல யார வக்கணும்னு நான் சொல்லக் கூடாதா?"

அவர் நகர்ந்து வழிவிட்டார். ஆபீசர் ஒருத்தர் செல்லைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். மற்றவரும். பின்னால் சுவரோரம் நின்ற ஒரிசாப் பையன்கள் ஒவ்வொருத்தராக மேடைக்கு வந்தார்கள். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு.

முடிந்ததும் துரை அண்ணன் என்னிடம்: "நாளைக்குப் பேச்சுவார்த்த இல்லைன்னு சொல்லிட்டான். சந்தோஷமா?" ஏழுமலையின் அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

பிஜய் படத்தைத் துணிப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

ஜூன் 23, திங்கள்

மேகம். மழை இல்லை. பஸ் பாஸ் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். கலா மீஞ்சூர் போயிருக்கிறாள்.

மதியம் சுசாந்த். தோளில் பை. இன்றைக்கு வண்டி ஏறுகிறானாம், ஊருக்கு. மேடையில் இருந்த பிஜய் படத்தை ஃபிரேமோடு கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தான்.

"நல்லா இருக்கு அண்ணா." திரும்ப என் மேசையிலேயே வைத்தான். "கலர் ஒண்ணு குடு."

கலரில் சரியாக வராது, சின்னப் படம், முகம் மஞ்சள் அடிக்கும், கறுப்பு வெள்ளைதான் இதற்கு எடுப்பு என்று விளக்கிக்கொண்டே போனேன். முடிக்கிற வரை நின்றான்.

"பிஜய் செத்தது அவன் அம்மா தெரியாது அண்ணா. போன்ல ஜொரம் சொன்னேன். இது பாத்தா," ஃபிரேமைத் தொட்டான், "நான் பேசல, உடனே தெரியும். கலர் குடுப்பேன். அம்மா பாக்கும், கொஞ்சம் சந்தோஷம். அப்புறம் சொல்லுவேன்."

'கறுப்பு மை மட்டும்' டிக்கை எடுத்துவிட்டு எல்லா மையையும் திறந்தேன். கடல் பச்சையாக வந்தது. முகம் மஞ்சள்தான். திருத்தவில்லை.

மை காயட்டும், கொஞ்சம் இரு என்றேன். டிரெயின் போயிடும் அண்ணா என்று, தாளை ரெண்டு கையிலும் பிடித்து ஊதிக்கொண்டே போனான்.