இடப்பக்க ஸ்பீக்கர்

பிப்ரவரி 9

மருந்துக்கடை அம்மணிக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பித்து, அதை அடித்துவிட்டேன். கைப்பழக்கம், வேறொன்றும் இல்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடைக்கே வந்து பேசலாம் என்றால், இருமலும் சளியுமாக வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் பேசவேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் இடப்பக்க ஸ்பீக்கரை என்ன செய்தாய்?

நீ துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன மறுநாள், அச்சகத்திலிருந்து வந்து வழக்கம்போல என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜாஸ்தான் போட்டேன், மூன்று பேர் மட்டும் வாசிக்கிற அந்த இசைத்தட்டு. வலப்பக்கம் சாக்ஸபோன், நடுவில் ஆளுயரத் தந்தி வாத்தியம் டபுள் பாஸ், இடப்பக்கம் டிரம்ஸ்காரன். அவன் தூரிகையால் டிரம்மின் தோலைத் தடவும்போது மாவு சலிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்த ஆம்ப்ளிஃபையரையே தேடிப் பிடித்தேன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு இடப்பக்கம் மந்தமாகி, அவன் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து வாசித்தான். பாஸ்காரனும் நடு இடத்தை விட்டுவிட்டு வலப்பக்கம் போய் ஒண்டிக்கொண்டான்.

பழுது பார்ப்பவரை வரவழைத்தேன். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் சார் வருது" என்கிறார். காதே இல்லாத ஆள். டீகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

ஆம்ப்ளிஃபையர் இருக்கும் அந்த அலமாரியைத் தொட இந்த வீட்டில் என்னைவிட்டால் உனக்கு மட்டும்தான் அனுமதி, அதுவும் தூசி தட்ட. ஆக இது உன் கைவேலை. போகிறவள் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம், பாத்திரத்தைப் போட்டு உடைத்திருக்கலாம். வாயில்லாத பொருளின்மேல் கையை வைத்திருக்கிறாய்.

உன் அமெரிக்க 'சோல்' இசைப் பாட்டுக்காரிகளின் இசைத்தட்டுப் பெட்டி இங்கேதான் இருக்கிறது. என்ன செய்தாய் என்று எழுது, பெட்டி வரும். எழுதாவிட்டால் வராது.

உன் கணவன்
(சட்டப்படி, இன்னும்)


பிப்ரவரி 16

தங்கக்காது அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவலில்லை.

உங்கள் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வைத்த பட்டப்பெயரிலேயே கூப்பிட்டிருக்கிறேன். பெற்றவர்கள் வைத்த பெயரைவிட அதில்தானே உங்களுக்குப் பெருமை அதிகம்.

நான் எதையும் உடைக்கவில்லை. எல்லாவற்றையும் அது அது இருக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். உடைக்கவேண்டும் என்று தோன்றியிருந்தால் இடது வலது பார்த்துக்கொண்டு நின்றிருக்கமாட்டேன்.

அந்தக் கூடத்தில் உடைக்கத் தோன்றிய நாட்கள் உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இசைத்தட்டு சுற்றும்போது பிஸ்கட் பொட்டலம் பிரிக்கக்கூடாது. வளையல் போடக்கூடாது. மின்விசிறி சுற்றக்கூடாது, வேர்த்தாலும் சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் நண்பர்கள் வந்திருந்தபோது பெரிய மனது வைத்து என் இசைத்தட்டு ஒன்றைப் போட்டீர்கள். பின்பாட்டுக்காரிகள் சேருகிற இடத்தில் என்னை அறியாமல் நானும் சேர்ந்து பாடிவிட்டேன். நீங்கள் எழுந்துபோய் ஊசியைத் தூக்கினீர்கள். "ரெண்டுல எதைக் கேக்கணும்னு முடிவு பண்ணிச் சொல்லு" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல்வரை எரிந்தது.

இப்போது கடைக்கு மேலே உள்ள அறையில் உள்ளங்கை அளவு ஒரு ஸ்பீக்கர் டப்பா வைத்திருக்கிறேன். உங்கள் பாஷையில் கொசு ரீங்காரம். அதில்தான் கேட்கிறேன், கூடவே பாடுகிறேன். உங்கள் ஜாஸ்காரர்கள் வாசித்தால் மூளைக்கு வேலை என்பீர்கள். என் பாட்டுக்காரி அடிவயிற்றிலிருந்து கத்தும்போது, நான் சொல்ல நினைத்ததை எனக்குப் பதிலாக யாரோ சொல்கிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் அந்தப் பெட்டி எனக்கு வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னோடு இருந்தவை அவை. அனுப்பிவையுங்கள்.

ஸ்பீக்கர் விஷயத்தில் ஒன்று செய்யுங்கள். ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் இடது ஒயரை வலதிலும் வலது ஒயரை இடதிலும் மாட்டுங்கள். மந்தம் இடம் மாறுகிறதா என்று பாருங்கள். இதுகூடத் தோன்றவில்லையா உங்களுக்கு?

இப்படிக்கு,
இருமல் மருந்து விற்கிறவள்


பிப்ரவரி 23

அம்மணிக்கு,

எனக்கே பாடமா? சரி, மாற்றினேன். டிரம்ஸ்காரன் வலப்பக்கம் வந்து ஜோராக வாசிக்கிறான், சாக்ஸபோன் இடப்பக்கம் போய்ப் படுத்துவிட்டது. ஆக ஆம்ப்ளிஃபையரில் குறையில்லை. அப்புறம் ஒயரைப் பழையபடி மாட்டிவிட்டு ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினேன். தனியாளாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அப்போதும் இடப்பக்கம்தான் மந்தம்.

அப்படியானால் கோளாறு அறையில். யார் வேலை அது? இடப்பக்க ஜன்னலுக்குக் கனத்த திரை வேண்டும் என்று அடம்பிடித்தவள் நீ. சத்தத்தையெல்லாம் அது உறிஞ்சுகிறது. கிழித்து எறிந்தேன். புத்தக அலமாரியை நடைக்குத் தள்ளினேன். கம்பளத்தைச் சுருட்டினேன். கூடம் இப்போது காலி செய்த வீடு மாதிரி இருக்கிறது. இன்னும் மந்தம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைக் கூப்பிட்டேன். கணக்கு வாத்தியார், "நல்லாத்தானே இருக்கு, முன்னவிடத் தெளிவா இருக்கே" என்கிறார். மற்றவர்களும் தலையாட்டுகிறார்கள். பெண்டாட்டி விட்டுப்போனவன் மனது நோகக்கூடாதாம். எல்லாரையும் போகச் சொல்லிவிட்டேன்.

நீ என்னவோ செய்திருக்கிறாய். உன் கடிதத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு இருக்கிறது, எனக்குக் கேட்கிறது. மார்ச் பிறப்பதற்குள் உண்மை வரவில்லையென்றால், உன் பெட்டியைத் தெருவில் கூவிக்கொண்டு போகிற பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்துவிடுவேன். எடைக்கு எடுத்துக்கொண்டு போகட்டும்.

தங்கக்காது
(ஆமாம், பெருமைதான்)


மார்ச் 1

தங்கக்காது அவர்களுக்கு,

நலம் விசாரிக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டோம்.

ஒயரை மாற்றினீர்கள், ஸ்பீக்கரை மாற்றினீர்கள், என் திரையைக் கிழித்தீர்கள். மாற்றாதது ஒன்று பாக்கி. உங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருங்கள். அப்போது எந்தப் பக்கம் மந்தமாக இருக்கிறது என்று பாருங்கள். மறுபடியும் உங்கள் இடது கைப் பக்கம்தான் என்றால், அறையைத் திட்டவேண்டாம், என்னையும் திட்டவேண்டாம்.

நான் என்ன செய்தேன் என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன், பெட்டிக்காக.

ஆம்ப்ளிஃபையரின் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறதே, சத்தத்தை இடது வலது என்று பங்கு பிரிப்பது, அதை நான் வருடக்கணக்காக இடப்பக்கம் திருகி வைத்திருந்தேன். திருகிவிட்டு, குமிழை மட்டும் இழுத்துக் கழற்றி, அதன் வெள்ளைக் கோடு நேராக நிற்கும்படி மறுபடி செருகிவிடுவேன். கழற்றித் துடைக்கச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான். உங்களுக்குக் கோடு நேராக இருந்தால் போதும், எல்லாம் சரி. உங்கள் காது மங்க மங்க நானும் தூசி தட்டும் சாக்கில் இன்னும் கொஞ்சம் திருகிக்கொண்டே வந்தேன்.

முதலில் வாயால்தான் சொன்னேன். போனை எப்போதும் வலது காதில் வைத்துக்கொண்டு, வலது கையால் எழுதவும் முடியாமல் தடுமாறுவீர்கள். அச்சு இயந்திரத்துக்குக் காலமெல்லாம் இடப்பக்கத்தைக் காட்டி நிற்கிறவர் நீங்கள். "அந்த இடது காதை ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்றேன். "இருமல் மருந்து விக்கிறவ என் காதுக்கு வைத்தியம் பாக்குறியா?" என்றீர்கள். அதற்கப்புறம் வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிச்சல், ஊசி சரியில்லை, தட்டு சரியில்லை, நான் சரியில்லை. குமிழை முதல்முறை திருகிய அன்று, "இன்னிக்குத்தான் சரியா இருக்கு" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகத்தான் தொடர்ந்து செய்தேன்.

கிளம்புகிற அன்று குமிழை அதன் நியாயமான இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். பெட்டியை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வைத்தியக்காரி


மார்ச் 19

உனக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். அப்புறம் துண்டுகளைச் சேர்த்து வைத்து மறுபடி படித்தேன்.

நாற்காலியைத் திருப்பினேன். வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, தண்டனை வாங்கிய பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்தேன். ஸ்பீக்கர்களை யாரும் தொடவில்லை. ஆனால் டிரம்ஸ்காரன் என் வலது காதில் பளிச்சென்று வந்தான், ஒரு மயிரிழை தப்பாமல். சாக்ஸபோன் இடப்பக்கம் கம்பளிக்குள் முடங்கிக்கொண்டது. தட்டு முடிந்து ஊசி உரசிக்கொண்டே இருந்தது. எழுந்து நிறுத்தத் தோன்றவில்லை.

காது டாக்டரைப் பார்த்தேன். நீ சொன்னதைத்தான் அவரும் சொன்னார். போனது வராதாம்.

என்ன காரியம் செய்தாய் நீ! என் வீட்டில், என் நாற்காலியில், இத்தனை காலம் நான் கேட்டது உன் கையால் வளைத்த இசை. முன்பு ஒருநாள் அச்சகத்தில் மை கலக்கும் மைக்காரர் இங்கே உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இடப்பக்கம் கொஞ்சம் தூக்கலா இல்ல?" என்றார். "உனக்கு என்ன தெரியும்?" என்று எல்லார் முன்னிலையிலும் அவரைக் கேட்டேன். அன்று போனவர் வரவே இல்லை. அவர் சொன்னது சரி. நீ சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய், வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் என்னைக் கேலி செய்ய வைத்த உன்னை நான் மன்னிக்கப்போவதில்லை.

ஆனால் ஒன்று. போகும்போது நீ சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. "உங்ககிட்டப் பேசிப் பேசி எனக்கு அலுத்துப்போச்சு, ஒரு பதில் வராது" என்றாய். யோசித்துப் பார். சோபாவில் நீ உட்கார்ந்தது எப்போதும் என் நாற்காலிக்கு இடப்பக்கம். எனக்குக் கேட்கவில்லை, பதில் சொல்லவில்லை. குற்றம் காதுடையது, என்னுடையது இல்லை. அது காதுதான் என்று என்னைவிட உனக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்தும் போயிருக்கிறாய் என்றால் அநியாயம் செய்தது யார்?

சோபாவை மறுபக்கம் தள்ளிப் போட்டிருக்கிறேன். இனி நீ என் வலப்பக்கம் உட்காரலாம். திரை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன். வந்துவிடு. பெட்டியையும் அப்போது எடுத்துக்கொள், பேப்பர்காரருக்குக் கொடுக்கவில்லை. பாடுவது என்றால் பாடு. மெதுவாக.

உன் கணவன்


மார்ச் 25

தங்களுக்கு,

காதுக்கு மாட்டும் கருவி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வெட்கப்படாமல் மாட்டிக்கொள்ளுங்கள். மைக்காரரின் வீடு அச்சகத்துக்குப் பின்தெருவில்தான் இருக்கிறது, போய் மன்னிப்புக் கேளுங்கள். அன்று வாயைத் திறக்காததற்கு நானும் அவரைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுக்க வந்தால் உங்களுக்காக வந்தேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். எனக்கு அந்தப் பாட்டுகள் வேண்டும், ஆனால் அந்த விலைக்கு வேண்டாம்.

வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. குற்றம் காதுடையது. நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். சோபாவில் நான் பேசி நீங்கள் திரும்பாத ஒவ்வொரு முறையும், பாவம், கேட்கவில்லை என்று விட்டுவிட்டேன். அதற்கெல்லாம் உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவை ஒன்றுகூட என் கணக்கில் இல்லை.

காதுதான் என்று தெரிந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் என் நாற்காலியை உங்கள் வலப்பக்கம் இழுத்துப் போட்டேன். "எதுக்கு?" என்றீர்கள். "இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்றேன். அப்புறம் நான் முக்கியமாகச் சொன்னதெல்லாம் அங்கிருந்துதான் சொன்னேன். இசை இல்லை, அதனால் மின்விசிறிகூடச் சுற்றிக்கொண்டிருந்தது, உங்கள் நல்ல காதுக்கு ஒரு கை தூரத்தில் நான்.

கடையில் என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள் என்று அங்கிருந்துதான் சொன்னேன். நீங்கள் புது ஊசி எப்போது வரும் என்று பேச ஆரம்பித்தீர்கள். இந்த ஜனவரியில், மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, நாளைக்குப் பரிசோதனைக்குப் போகணும், தனியா போகப் பயமா இருக்கு என்று அங்கிருந்துதான் சொன்னேன். "ம்" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, நாளைக்குச் சாயங்காலம் நண்பர்கள் வருகிறார்கள், அதற்குள் வந்துவிடு என்றீர்கள்.

கட்டியில் ஒன்றுமில்லை என்று வந்தது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அழுகை வந்தது, சந்தோஷத்தில் இல்லை. வீட்டுக்கு வந்து அதை உங்களிடம் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், அப்புறம்தான் துணிப்பெட்டியைக் கட்டினேன்.

காது கேட்காதவர் "ம்" என்று சொல்லமாட்டார். உங்களுக்குக் கேட்டது.

இப்படிக்கு,
நான்