பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய குதிகால்

உன் லாக்கர் கதவுக்கு நாளை பெயின்ட் அடிக்கப் போகிறார்களாம். காலை ஷிஃப்டில் சொன்னார்கள். சாப்பாட்டைக்கூட முடிக்காமல் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். உள்பக்கம் கறுப்பு மார்க்கரில் என் கையெழுத்து அப்படியே இருக்கிறது. 4.8, 4.9, 5.1, 5.3, 5.6. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக். எண்களைப் பார்த்துவிடலாம், அந்த டிக்குகளைத்தான் பார்க்க முடியவில்லை.

ஒரே மேஜையில் எதிரெதிரே எட்டு வருஷம் உட்கார்ந்தோம். வண்டிக்குப் போகும் அலுமினியப் பாகங்களை அளந்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்புத் தொட்டி. நீ உத்தனப்பள்ளிக்காரன். வீட்டில் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். நான் கோவில்பட்டியிலிருந்து ஒரே ஒரு மொழியோடு வந்தவன். "எட்டு வருசமா ஓசூர்ல கெடக்குற, கன்னடத்துல ஒரு டீ கேக்கத் தெரியல. நீயெல்லாம் இன்னாத்துக்கு ஆவ குரு?" என்று நாளுக்கு ஒரு தரமாவது சொல்லாவிட்டால் உனக்குத் தூக்கம் வராது. சிநேகிதன் யாரானாலும் உன் வாயில் 'குரு'தான்.

அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? ஷிஃப்ட் முடிந்து சேஃப்டி ஷூவைக் கழற்றினாய். குதிகாலில் தர்ப்பூசணி விதை மாதிரி ஒரு கறுப்பு. "ஷூ கடிச்சிடுச்சி" என்றாய். நான் கைபேசியில் தேடினேன். ஆறு மில்லிமீட்டருக்கு மேல் போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எங்கோ போட்டிருந்தது. நமக்கு அது போதாதா! ஓடிப்போய் பாகங்களை அளக்கும் வெர்னியரை எடுத்துவந்தேன். "ஏலே, காலைக் காட்டு" என்று பிடித்து அளந்தேன். 4.8. "லிமிட்டுக்குள்ள இருக்கு, பாஸாயிருச்சு" என்று குதிகாலில் பச்சை ஸ்டிக்கரையும் ஒட்டினேன். நீ ஒற்றைக் காலில் அறை முழுக்க நொண்டிக் காட்டிச் சிரித்தாய். பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை அதுவே நம் விளையாட்டாகிப் போனது.

மேஜையில் உட்கார்ந்தால் நமக்குத் தெரியாதா? அளவு லிமிட்டுக்குள் இருந்தாலும் ஏறிக்கொண்டே போனால் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்துவோமே. உன் புள்ளி மாதாமாதம் ஏறியது. ஓரம் ஒரு பக்கம் பிசிறியது, நிறமும் ஒரே மாதிரி இல்லை. அது அலுமினியமாக இருந்திருந்தால் சிவப்புத் தொட்டியில் எறிந்திருப்பேன். உன் கால் என்பதால் டிக் போட்டேன்.

சாக்ஸில் ரத்தம் வந்த பிறகுதான் பெங்களூருக்குப் பஸ் ஏறினோம். வீட்டில் சொல்லவில்லை. துண்டு எடுத்துச் சோதித்து, மெலனோமா, தோல் புற்றுநோய் என்றார் அந்த அம்மா டாக்டர். குதிகாலைப் பெரிதாக வெட்ட வேண்டும், தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறது என்றார். எல்லாம் கன்னடத்தில். உன் கெட்ட செய்தியை நீயே எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்கச் சொன்னேன். கேட்டாய். அவர் ஒரே வாக்கியத்தை இரண்டு தரம் சொன்னார். நீ ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "எப்ப வந்திருந்தாலும் இதே ஆபரேசன்தானாம் குரு. வா, டீ குடிக்கலாம்" என்றாய்.

வெட்டியதில் ஒரு துண்டை மெழுகில் வைத்துப் பாதுகாக்கச் சம்மதம் கேட்டார்கள். வெயிலால் வெள்ளைக்காரர்களுக்கு வருவதைப் பற்றித்தான் நிறையப் படித்திருக்கிறார்களாம். வெயிலே படாத உள்ளங்காலில் நம் ஆட்களுக்கு ஏன் வருகிறது என்பது இன்னும் சரியாகத் தெரியாதாம், அதை ஆராயத்தான். எனக்குக் கோபம் வந்தது. "வெட்டுனது பத்தாதா? கையெழுத்துப் போடாத" என்றேன். "ரிஜெக்ட் ஆனத அறுத்துப் பாக்காம ஏன் போச்சின்னு எப்பிடித் தெரியும்? தெனம் நாம பண்றதுதான?" என்று சொல்லி, மூன்று இடத்திலும் போட்டுக் கொடுத்தாய்.

கெலவரப்பள்ளி அணைக்கு உன்னைப் பைக்கில் கூட்டிப்போன அன்றைக்கும், முன்னாடியே வந்திருந்தால் என்ன சொன்னார் என்று மறுபடி கேட்டேன். கம்பை ஊன்றி நின்றபடி, "எத்தினி தடவ கேப்ப? அதான் சொன்னேன்ல" என்று எரிந்து விழுந்தாய். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஊசி மருந்து ஏற்றியும் நெஞ்சுக்குப் பரவியது. அடுத்த பொங்கலுக்கு நீ இல்லை.

அதிலிருந்து யார் செருப்பைக் கழற்றினாலும் என் கண் உள்ளங்காலுக்குப் போய்விடுகிறது. குதிகால் இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்திருக்கிறார்கள், வைக்கட்டும். போன மாதம் நம் கேன்டீன் அக்கா குத்துக்காலிட்டுப் பாத்திரம் தேய்த்தபோது அவர் பாதத்தில் அதே கறுப்பைப் பார்த்தேன். வெர்னியரைத் தொடவில்லை. "முள்ளுதான் தம்பி" என்றவரை அந்த வாரமே பெங்களூருக்குக் கூட்டிப்போனேன்.

நேற்று ரிசல்ட் வந்தது. அதே நோய். ஆனால் மேலோடு நிற்கிறது. அதே டாக்டர், முடி கொஞ்சம் நரைத்திருக்கிறது. அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னார்: "பேக பந்த்ரி. சிக்க ஆபரேஷன் சாக்கு." சீக்கிரம் வந்துவிட்டீர்கள், சின்ன ஆபரேஷன் போதும். யாரும் எனக்குத் தமிழில் சொல்லவில்லை. நீ போன பிறகு டீக்கடையிலும் பஸ்ஸிலும் தட்டுத்தடுமாறிக் கற்றது போதுமானதாக இருந்தது.

அப்போதுதான் அந்தப் பழைய வாக்கியம் காதில் வந்து விழுந்தது. அவர் அன்று இரண்டு தரம் சொன்னது. "பேக பந்தித்ரெ, சிக்க ஆபரேஷன் சாக்காகித்து." சீக்கிரம் வந்திருந்தால் சின்ன ஆபரேஷன் போதுமாயிருக்கும். அக்கா சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தார். நானும் அழுததை அவர் தனக்காக என்று நினைத்துக்கொண்டார்.

அட பாவி! அந்த நாற்காலியில், அந்த நிமிஷத்தில், உன் உயிரைவிட, ஸ்டிக்கர் ஒட்டிய என் மனசு நோகாமல் இருப்பதா உனக்குப் பெரிதாகப் போயிற்று? அந்தப் பொய்யோடுதான் அணைக்கரையில் கம்பை ஊன்றி நின்றாயா?

கதவின் உள்பக்கத்தை மட்டும் விட்டுவிடும்படி பெயின்டரிடம் சொல்லியிருக்கிறேன். எண்கள் இருக்கட்டும். டிக்குகளை நானே சிவப்பு மார்க்கரால் குறுக்கே அடித்துவிட்டேன். உன்னை நிற்கவைத்து வாய் ஓயும்வரை திட்ட வேண்டும் போல் இருக்கிறது. கன்னடத்திலேயே திட்டத் தெரியும் இப்போது. நீதான் இல்லை, குரு.